சலம் சொல்லும் சேதி



நூற்றாண்டு விழா மேடையில் சலத்தைப் பற்றியா பேச்சு என்று முகஞ்சுழிக்க வேண்டாம். ஐதரசன் சல்பைட்டு மணத்தோடு இரசாயனம் படித்தவர்கள் நாங்கள்.

நோர்வேயில் போர்க்னி ஏகலன்ட் என்றொரு தாய். இரண்டு பிள்ளைகளுக்கும் புத்தி வளரவில்லை. பிள்ளைகளிடம் வீசிய விசித்திர மணத்தைப் பற்றி அவர் வைத்தியர் வைத்தியராகச் சொல்லித் திரிந்தார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. 1934இல் அஸ்பியோர்ண் போலிங் என்ற வைத்தியர் அந்தச் சலத்தில் பெரிக்குக் குளோரைட்டை விட்டார். பச்சை நிறம் வந்தது. அது என்ன பொருள் என்று கண்டறிய அவருக்கு 22 லீற்றர் சலம் தேவைப்பட்டது. பீனைல்கீற்றோனூரியா என்ற பரம்பரை நோய் அப்படித்தான் வெளிப்பட்டது. இன்று பிறந்தவுடன் கண்டுபிடித்து உணவைக் கட்டுப்படுத்தினால் பிள்ளையின் மூளையைக் காக்கலாம்.

இப்போது சில துளிகளே போதும். சலத்திலுள்ள அமிலங்களை ஆவியாக்கி, நீண்ட மெல்லிய குழாயினூடாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இலத்திரன்களால் உடைத்து, துண்டுகளின் திணிவை அளக்கிறது கருவி. கைவிரல் அடையாளம் போல, ஒவ்வொரு பொருளும் உடையும் விதம் வேறு. 1966இல் பொஸ்ரனில் தனாக்கா குழுவினர் இவ்வாறுதான் ஐசோவலரிக் அமில நோயை இனங்கண்டனர். பின்னர் யப்பானியர் வடிதாளில் உலர்த்திய சலத்திலேயே இதைச் செய்து காட்டினர். குறிகட்டுவானில் படகு தப்பினாலும் உலர்ந்த தாள் பழுதாகாது!

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? காணி வெளியே போகக்கூடாதென்று மச்சான் மச்சாளுக்குச் செய்துவைக்கும் ஊர்கள் எங்களுடையவை. கொழுகொழுவென்று பிறந்த பிள்ளை, பால் குடித்து இரண்டு மூன்று நாளில் சோர்ந்து, வலிப்பு வந்து போய்விடும். அடுத்ததும் அப்படியே. பழி தாயின் தலையில். இந்நோய்களிற் பெரும்பாலானவற்றில் குறையுள்ள மரபணு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வருகிறது. அப்படியான இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

ஆகவே பிள்ளை சோர்ந்தால் வைத்தியரிடம் மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்: சொந்தத்துக்குள் கலியாணம், முன்னர் இறந்த பிள்ளை, கருகின சீனி போன்ற புது மணம். சுகவீனமாக இருக்கும்போதே சலம் எடுக்கவேண்டும். தேறியபின் அடையாளம் மறைந்துவிடக்கூடும். எல்லா நோயும் சலத்தில் தெரியாது, தெரிவதெல்லாம் மாறுவதுமில்லை. ஆனாலும் சில பிள்ளைகளுக்கு விற்றமின் பி12 ஊசியே உதவுகிறது.

எங்கள் ஒழுங்கையில் மூன்று தொட்டில்களைக் கழற்றிய அம்மா ஒருவர் இருந்தார். நல்ல காரியங்களுக்கு அவரை முன்னே வரவிடமாட்டார்கள். பள்ளிச் சீருடையோடு நாங்களும் ஒதுங்கித்தான் போனோம்.