காலியான ஆசனம் யாருக்குச் சொந்தம்?

(கல்கிசைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு தலைவர் மறைகிறார். அவர் அமர்ந்திருந்த ஆசனம் காலியாகிறது. அவ்வாசனம் யாருக்குச் சொந்தம்? அவருடைய குடும்பத்துக்கா? அவருடைய கட்சிக்கா? அவர் பெயரை உரக்கச் சொல்லுபவருக்கா? அன்றி, அவரை அனுப்பிவைத்த மக்களுக்கா? இக்கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இந்நாட்டிலும் ஒரு செனற் சபை இருந்தது. 1947இல் தோன்றிய அந்த மூதவையில் அங்கத்தவர் முப்பதின்மர். பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தது; மற்றைப் பதினைவரை மகாதேசாதிபதி நியமித்தார். பொதுமக்களின் வாக்குச்சீட்டு அச்சபையின் வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. 1959 செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்கா கொலையுண்டார். அவருடைய துணைவியார் 1960 ஜூலையில் பிரதமராகி, செனற் சபையினூடாகவே பாராளுமன்றத்தில் இடம்பெற்றார். அவர் தம் பெயரில் மக்களின் நேரடி வாக்கைப் பெற்று அத்தனகல்லையின் பிரதிநிதியானது 1965இலேதான். 1971 ஒக்டோபர் 2ஆந் திகதி செனற் சபை ஒழிக்கப்பட்டது. சபை ஒழிந்தது; மக்களைக் கேளாமல் ஆசனம் நிரப்பும் வழக்கமும் ஒழிந்ததா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

அதற்கு முன், நமக்கு அண்மையிலுள்ள கொட்டாஞ்சேனையை நினைவுகூர்வோம். 1931இல் டொனமூர்த் திட்டத்தின் கீழ் நடந்த முதலாவது தேர்தலில் கொழும்பு வடக்கில் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து வெற்றி பெற்றார். தேர்தல் மனுவொன்றினால் அவ்வெற்றி செல்லாதென்றாயிற்று. 1932இல் நடந்த உபதேர்தலில் அவர் துணைவியார் நேசம் சரவணமுத்து போட்டியிட்டு வென்றார். அரசாங்க சபையில் அமர்ந்த இரண்டாவது பெண்மணி அவரே. கணவரின் ஆசனம் மனைவிக்குக் கிடைத்தது என்று சொல்வது பாதி உண்மை. கணவரின் பெயர் அவரை வாக்காளரின் வாசல்வரை அழைத்துச் சென்றிருக்கலாம். ஆசனத்தைக் கொடுத்தவர்கள் கொழும்பு வடக்கின் வாக்காளர்களே. 1936இல் அவர்களே அவரை மீண்டும் தெரிந்தனர். 1941இல் மறையும்வரை அவர் அச்சபையில் பணியாற்றினார்.

இனிக் கடல் கடந்து செல்வோம். ஐக்கிய அமெரிக்காவில் மின்னசோட்டா என்றொரு மாநிலம். கல்லூரிப் பேராசிரியராயிருந்த போல் வெல்ஸ்டன், கையில் பெரும் பணமின்றிப் பழைய பச்சை நிறப் பேருந்தொன்றில் ஊர் ஊராகச் சென்று, 1990இல் செனற் ஆசனத்தை வென்றார். 2002 ஒக்டோபரில், தேர்தல் நெருங்கிய வேளையிலும், ஈராக் யுத்தத்துக்கு அதிகாரமளிக்கும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். அதே மாதம் 25ஆந் திகதி, வாக்களிப்புக்குப் பதினொரு நாட்களே இருக்க, விமான விபத்தில் மனைவியோடும் மகளோடும் மாண்டார். அவ்விபத்தில் உயிரிழந்தோர் எண்மர்.

அதன் பின் நடந்தது சிந்திக்கத்தக்கது. அவருக்காகக் கூடிய அஞ்சலிக் கூட்டம் தேர்தல் மேடையாக மாறிவிட்டது என்ற கண்டனம் எழுந்தது. மாநில ஆளுநரே இடையில் எழுந்து வெளியேறினார். கண்ணீர் வாக்காகிவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தனர். வெல்ஸ்டனுக்குப் பதிலாக நிறுத்தப்பட்டவர் முன்னாள் உபஜனாதிபதி வால்ரர் மொண்டேல். அத்தகைய பெரியவரும் நோர்ம் கோல்மனிடம் தோற்றார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் வாக்குக் கேட்டால் மக்கள் முகம் சுளிப்பார்கள். இது எந்நாட்டுக்கும் பொருந்தும் பாடமாகும்.

ஆறாண்டுகள் கழிந்தன. 2008 நவம்பர் 4ஆந் திகதி, வெல்ஸ்டனின் நினைவைத் தாங்கிவந்த அல் பிராங்கன், கோல்மனை எதிர்த்து நின்றார். அளிக்கப்பட்ட வாக்குகள் ஏறத்தாழ 29 இலட்சம். முதற் கணக்கில் கோல்மன் 215 வாக்குகளால் முன்னின்றார். வித்தியாசம் அரை வீதத்துக்கும் குறைவாயிருந்தமையால் மீள எண்ணுதல் சட்டப்படி கட்டாயமாயிற்று. நீதிபதிகள் நால்வர் உட்பட ஐவர் கொண்ட சபை, தகராறுக்குரிய வாக்குச்சீட்டுகளைப் பகிரங்கமாக ஆராய்ந்தது. தவறாக நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் தேடியெடுத்து எண்ணப்பட்டன. முடிவில் பிராங்கன் 225 வாக்குகளால் முந்தினார். கோல்மன் வழக்குத் தொடுத்தார். மூன்று நீதிபதிகள் விசாரித்து, மேலும் சில வாக்குகளை எண்ணச் செய்து, பிராங்கன் 312 வாக்குகளால் வென்றார் எனத் தீர்த்தனர். 2009 ஜூன் 30ஆந் திகதி மாநில உயர் நீதிமன்றம் அதனை ஏகமனதாக உறுதிசெய்தது. அன்றைய தினமே கோல்மன் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஓர் ஆசனம் வெறுமையாய்க் கிடந்தது. அது பெருங்குறைதான். ஆயினும் தகராறு நீடித்த காலம் முழுவதிலும் யாரைப் பற்றி வாதாடினார்கள்? மறைந்த தலைவரின் உண்மையான வாரிசு யார் என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. இந்தச் சீட்டை எழுதிய வாக்காளர் யாரைக் கருதினார் என்றே கேட்டார்கள். பெயரறியாத ஒரு குடிமகனின் ஒற்றைக் கோடு, மாண்ட தலைவரின் புகழைவிடப் பெரிதாயிற்று.

மறைந்தவரின் மரபு எங்கே வாழ்ந்தது? ஆசனத்திலா? அன்று. உளநோய்க்கான சிகிச்சைக்கு உடல்நோய்க்கு நிகரான காப்புறுதி வேண்டுமென வெல்ஸ்டன் உயிரோடிருக்கையிற் போராடினார். அவர் மறைந்து ஆறாண்டுகளின் பின், 2008 ஒக்டோபரில், அவர் பெயரையும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பீற் டொமனிச்சியின் பெயரையும் தாங்கி அச்சட்டம் நிறைவேறியது. அப்போது அவருடைய பழைய ஆசனத்தில் இருந்தவர் கோல்மன்! ஆசனம் மாற்றார் கையிலிருந்தும் பணி நிறைவேறியது. மறுபுறம், அந்த ஆசனத்தை மீட்ட பிராங்கன், பெண்கள் சிலர் சுமத்திய முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளையடுத்து 2018 ஜனவரியிற் பதவி துறந்தார். முன்னவரின் பெயர் பின்னவருக்குக் கவசமாகாது.

நம் நிலைமைக்கு வருவோம். 1972 அரசியல் திட்டத்தை எதிர்த்துத் தந்தை செல்வநாயகம் அதே ஆண்டு ஒக்டோபரிற் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கேட்டார். அத்தீர்ப்பைக் கேட்க அன்றைய அரசு எடுத்துக்கொண்ட காலம் இரண்டாண்டுகளுக்கும் மேல்! 1975 பெப்ரவரி 6ஆந் திகதி உபதேர்தல் நடந்தது. செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள், எதிர்த்தவருக்கு 9,457. 1977 ஏப்ரலில் அவர் மறைந்தபின், ஜூலையில் அத்தொகுதியில் நின்ற அமிர்தலிங்கமும் மக்களிடம் சென்றே ஆசனம் பெற்றார். தந்தையின் பெயரும் தேர்தலுக்கு விலக்களிக்கவில்லை.

1978 அரசியல் திட்டத்தின் கீழ் வந்த விகிதாசார முறையில் உபதேர்தல் மறைந்தது. அங்கத்தவர் இறந்தால் பட்டியலில் அடுத்திருப்பவர் வருகிறார். 2024 ஜூன் 30ஆந் திகதி சம்பந்தன் மறைந்தபோது திருகோணமலை ஆசனம் சில நாட்களிலேயே அவ்வாறுதான் நிரம்பியது. வந்தவரும் 2020இல் விருப்பு வாக்குப் பெற்றவரே, அதனாற் குறையில்லை. ஆனால் தேசியப் பட்டியல் ஆசனம் காலியானால் கட்சிச் செயலாளரின் கடிதமே போதும். 2020இல் ஒரு மாவட்டத்திலும் ஆசனம் பெறாத கட்சியின் தலைவர், 2021இல் அப்பட்டியலால் உள்ளே வந்து, 2022 ஜூலையில் 134 அங்கத்தவரின் வாக்கால் ஜனாதிபதியுமானார். செனற் சபையின் வாசல் 1971இல் மூடப்பட்டது. பக்கத்து வாசல் திறந்தேயிருக்கிறது.

ஆகவே நாம் செய்யவேண்டியது யாது? மறைந்த தலைவரின் படத்தைக் காட்டி எவரேனும் வாக்குக் கேட்டு வந்தால், அவர் விட்டுச்சென்ற வேலைகளில் எதனை எடுத்துச் செய்கிறாய் என்று கேளுங்கள். கட்சிகள் ஓர் இடத்தை நிரப்ப முற்பட்டால், எங்களைக் கேட்டாயா என்று கேளுங்கள். முடிவிற் சந்தேகம் எழுந்தால் தெருவுக்குப் போகாமல் நீதிமன்றம் செல்லுங்கள்; தீர்ப்பு வந்தபின் அதனை ஏற்கும் நெஞ்சுரத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் வாழும் நாம், வாக்காளர் இடாப்பில் நம் பெயர் இருக்கிறதா என்பதையேனும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். 312 வாக்குகளில் ஓர் ஆசனம் தீர்மானமான கதையைக் கேட்டவர்கள், ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று இனிச் சொல்லலாகாது.

தலைவர்கள் வருவர், மறைவர். அவர்கள் அமர்ந்த ஆசனத்தின் உரித்தாளர் மக்களே. அந்த உரித்தை நாம் எவர் பெயராலும் கைவிடலாகாது.