செல்லப்பிராணிக் கடையில் என் வேலை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



டவுனில் பல கிளை வைத்திருக்கும் செல்லப்பிராணிக் கடை ஒன்றில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். "நாய்க்குட்டியைக் கொஞ்சுறதுக்குச் சம்பளமா?" என்று ஊரில் கேலி பண்ணுவாங்க. காலையில் கூண்டு கழுவணும், மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றணும், 20 கிலோ தீவன மூட்டைகளைத் தூக்கி அடுக்கணும். அப்புறம் ராத்திரி வரை நின்றபடியே வியாபாரம்.

முதல் மாசமே ஒரு குட்டி கையைக் கடிச்சிடுச்சு. "சின்னக் குட்டிதானே, மஞ்சள் வை" என்றார் மேலாளர். நான் ஒத்துக்கலை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிட்டு, நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் தவறாமல் போட்டுக்கிட்டேன். வெறிநோய் வந்துட்டா பிழைப்பது அரிது. கீறல்தானே என்று விடாதீங்க.

அடுத்தது, உட்காரும் உரிமை. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. இது தெரிஞ்சதும் நாங்க நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டோம். முதலில் முகம் சுளிச்சாங்க. ஒரு வாரத்தில் இரண்டு ஸ்டூல் வந்தது.

தனியாக் கேட்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. சேர்ந்து கேட்கக் கற்றுக்கொடுத்தது நம்ம குழுதான். உங்க பிள்ளைகள் கடை வேலைக்குப் போனால் இந்த இரண்டையும் சொல்லி அனுப்புங்க.