அடுப்படியில் கைவைக்கும் பணவீக்கம்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழியையும் இனத்தையும் பற்றியே பேசிப் பழகிய இம்மேடையில் இன்று விலைவாசியைப் பற்றிப் பேச எழுந்திருக்கின்றேன். "தூயதமிழ் கேட்க வந்த இடத்தில் துவரம்பருப்பு விலை எதற்கு?" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது என் செவியில் விழாமல் இல்லை. அவருக்குரிய விடையோடே தொடங்குகின்றேன்.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழகத்தில் காங்கிரசு ஆட்சி வீழ்ந்தது. அதற்கு 1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போரே ஏது என்று நாம் மேடைதோறும் முழங்கி வருகின்றோம். அஃது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் இந்திய நாடெங்கும் மழை பொய்த்தது. 1966-ஆம் ஆண்டு சூன் 6-ஆம் நாள் தில்லி அரசு உருபாவின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை 4 உருபா 76 காசுக்குக் கிடைத்த ஒரு தாலர், அன்றுமுதல் 7 உருபா 50 காசாயிற்று. அரிசிக் கடைகளின் முன் தாய்மார்கள் கால்கடுக்க நின்றனர். அந்நிலையிலேதான் அறிஞர் அண்ணா, உருபாவுக்கு மூன்று படி அரிசி குறிக்கோள், ஒரு படி உறுதி என்று அறிவித்தார். ஆட்சியேற்றபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கினார். மொழிப்போரில் மாணவர் மூட்டிய தீ, அரிசி வேகாத அடுப்புகளையும் தொட்டதனால்தான் வாக்குப் பெட்டி வரை பரவிற்று. அடுப்படியை மறந்த மொழியியக்கம் படித்தவர் சிலரின் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும். நாம் அவ்வாறு சுருங்கி வருகின்றோமோ என்னும் அச்சம் எனக்கு உண்டு. அதனாலேயே இன்று பேசுகின்றேன்.

'பணவீக்கம்' என்னும் சொல்லைப் பாருங்கள். இதனை ஆக்கியவர் எவராயினும் அவர் நோயறிந்த மருத்துவர். வளர்ச்சி வேறு, வீக்கம் வேறு. யானைக்கால் நோயுற்றவனின் கால் பருத்திருக்கின்றது என்பதற்காக அவனை வலியன் என்று எவரும் கூறார். நாட்டில் விளையும் நெல்லும் நெய்யும் துணியும் அதே அளவில் நிற்க, அவற்றை வாங்க வரும் பணம் மட்டும் பெருகுமாயின், பணம் வீங்குகின்றது. பொருள் விலை ஏறுகின்றது. பணம் பெருகாதபோதும் விலை ஏறுவதுண்டு. மழை பொய்த்தால் கூலம் குறையும்; அயல்நாட்டுப் போரால் எண்ணெய் விலை ஏறும்; வண்டிக் கூலி ஏற, வெங்காய விலையும் ஏறும். நோய் எவ்வழியால் வந்தாலும் அதன் வலி எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. நான் இன்று வலியுறுத்த வந்தது இதனைத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். கணவனும் மனைவியும் உழைத்துத் திங்களுக்கு 15,000 உருபா ஈட்டும் ஒரு குடும்பம். அரிசி, பருப்பு, எண்ணெய், குடிக்கூலி, பள்ளிக் கட்டணம், மருந்து ஆகியவற்றோடு அத்தொகை தீர்ந்துவிடுகின்றது. ஆண்டுக்கு 7 விழுக்காடு விலை ஏறுவதாகக் கொள்ளுங்கள். அதே பொருள்களுக்கு அடுத்த ஆண்டு 16,050 உருபா வேண்டும். மூன்றாண்டு கழித்து 18,375 உருபா வேண்டும். கூலியோ அதே 15,000. வேலை வழங்குவோர் ஒரு காசும் குறைக்கவில்லை. "கூலியைக் குறைத்துவிட்டார்கள்" என்று கொடி பிடிக்கவும் வழியில்லை. ஆனால் திங்கள்தோறும் 3,375 உருபா அளவிற்கு அக்குடும்பம் வெட்டுண்டிருக்கின்றது. முதலில் பழம் நிற்கும். பிறகு பால் குறையும். பிறகு மருத்துவரிடம் செல்வது தள்ளிப் போகும். எங்கே வெட்டுவது என்று முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். அவ்வெட்டைத் தம் தட்டிலிருந்தே அவர்கள் தொடங்குவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கின்றோம், பாராதது போலவும் இருந்திருக்கின்றோம்.

சேமித்தவர் தப்பினாரா? இல்லை. ஓர் இலக்கம் உருபாவை ஓராண்டுக்கு 5 விழுக்காட்டு வட்டியில் வைப்பகத்தில் இட்டால் ஆண்டிறுதியில் 1,05,000 கிடைக்கும். விலையேற்றம் 7 விழுக்காடாயின், முன்பு ஓர் இலக்கத்துக்கு வாங்கியவற்றை வாங்க 1,07,000 தேவை. ஏட்டில் 5,000 வரவு. மெய்யில் 2,000 குறை. 70 என்னும் எண்ணை விலையேற்ற விழுக்காட்டால் வகுத்துப் பாருங்கள். பெட்டியில் முடங்கிய பணத்தின் மதிப்பு எத்தனை ஆண்டில் பாதியாகும் என்பது ஏறத்தாழ விளங்கும். 7 விழுக்காடாயின் பத்தே ஆண்டு. நம் பாட்டிமார் காசு கிடைத்தபோதெல்லாம் குன்றிமணிப் பொன்னேனும் வாங்கி வைத்ததை மடமை என்று நகைத்த படிப்பாளிகள் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தாரல்லர். (பொன் விலையும் இறங்குவதுண்டு, அடகுக் கடையில் அது கரைவதுமுண்டு. அது வேறு கதை.)

பணம் வீங்கும்போது கடன் பட்டவனுக்கு நன்மை என்று பொருளியல் நூல்கள் கூறும். மதிப்பு மிக்க பணத்தை வாங்கி, மதிப்புக் குன்றிய பணத்தைத் திருப்பித் தருகின்றான் அல்லனோ? ஆனால் எந்தக் கடனாளிக்கு இது பொருந்தும்? குறைந்த வட்டியில் கோடி கோடியாய்க் கடன் பெறும் பெருநிறுவனங்களுக்குப் பொருந்தும். எல்லாரினும் பெரிய கடனாளியாகிய அரசுக்குப் பொருந்தும். திங்களுக்குப் பத்து விழுக்காடு கந்துவட்டிக்கு வாங்கிய பூ விற்கும் அம்மையாருக்குப் பொருந்துமா? அவர்தம் வட்டியின் முன் எந்தப் பணவீக்கமும் எட்டிப் பிடிக்க இயலாது. ஆக, சட்டமன்றத்தில் வைக்கப்படாத, வாக்கெடுப்பில்லாத, ஏழைக்கு மிகுதியாகவும் செல்வர்க்குக் குறைவாகவும் விழுகின்ற ஒரு வரியாகவே இது நடக்கின்றது.

இவ்வரியின் கடிவாளம் எவர் கையில்? உருபாவை வெளியிடும் உரிமையும் வட்டியை வரையறுக்கும் உரிமையும் ரிசர்வ் வங்கி என வழங்கும் நடுவண் வைப்பகத்துக்கும் தில்லி அரசுக்குமே உரியன. 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி விலையேற்றத்தை 4 விழுக்காட்டில் நிறுத்த முயலவேண்டும். 2-க்குக் கீழும் 6-க்கு மேலும் போகலாகாது. வட்டியை முடிவு செய்யும் குழுவில் அறுவர். மூவர் வைப்பகத்தார், மூவர் நடுவணரசு அமர்த்துவோர். மாநிலங்களின் சார்பில் அமர்த்தப்படுவோர் ஒருவருமிலர். 2022-ஆம் ஆண்டில் தொடர்ந்து மூன்று காலாண்டு 6 விழுக்காட்டைத் தாண்டிவிட்டமையால், தவறியது ஏன் என்று வைப்பகம் நடுவணரசுக்கு மடல் எழுத வேண்டியதாயிற்று. அம்மடலை மக்கள் பார்வைக்கு வைக்கவில்லை. விலையைச் சுமந்தவன் விளக்கத்தைக் கேட்கும் உரிமை பெற்றிலன்!

எரிநெய்க் கதை இதனினும் கசப்பானது. 2020-ஆம் ஆண்டு மே மாதம், உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்து கிடந்தபோது, நடுவணரசு பெட்ரோல் என்னும் கன்னெய்க்கு லிட்டருக்கு 10 உருபாவும் டீசலுக்கு 13 உருபாவும் தீர்வையை உயர்த்தியது. 2021 பிப்ரவரியில் கன்னெய்க்கான நடுவண் தீர்வை 32 உருபா 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளவேண்டிய அடிப்படைத் தீர்வை எவ்வளவு தெரியுமா? 1 உருபா 40 காசு! எஞ்சியவை மேல்வரிகளும் தனித்தீர்வைகளுமாம். அவற்றில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. நேர்மையாகச் சொல்வதாயின் மாநில அரசும் தன் பங்குக்கு வரி தண்டுகின்றது. 2021 ஆகத்தில் அதில் 3 உருபாவைக் குறைத்தது. நடுவணரசும் 2021 நவம்பரில் 5 உருபா, 2022 மே மாதத்தில் 8 உருபா குறைத்தது. எனினும் ஏற்றிய நாளில் சரக்குந்தில் ஏறிய வண்டிக்கூலி, குறைத்த நாளில் முழுதும் இறங்கவில்லை என்பதைச் சந்தைக்குப் போகிறவர்கள் அறிவார்கள்.

"அப்படியாயின் பணம் வெளியிடும் உரிமை நம் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும்" என்று இளந்தோழர் சிலர் கையொலி எழுப்ப ஆயத்தமாவது தெரிகின்றது. பொறுங்கள். இலங்கை அரசுக்குத் தன் பணத்தைத் தானே அடிக்கும் உரிமை இருந்தது. அது செய்ததென்ன? 2019 இறுதியில் கூட்டுமதிப்பு வரியை 15-இலிருந்து 8 விழுக்காடாக வெட்டியது. வருவாய் வற்றவே, நடுவண் வங்கி பணத்தை அடித்து அரசுக்குக் கடனாகக் கொடுத்தது. 2021-இல் வேதியுரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து விளைச்சலையும் வீழ்த்தியது. 2022 ஏப்பிரல் 12-ஆம் நாள் அயற்கடனைக் கட்ட இயலாது என்று கைவிரித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பின் விலையேற்றம் 69.8 விழுக்காடு; உணவுப் பொருள்களுக்கோ 94.9 விழுக்காடு.

அம்முடிவுகள் எவற்றிலும் கையில்லாத நம் மலையகத் தமிழர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். நெடும் போராட்டத்துக்குப் பின் 2021-இல்தான் அவர்களின் நாட்கூலி 1,000 உருபா என வரையறுக்கப்பட்டது. அப்போது ஒரு தாலர் 200 உருபா அளவில் இருந்தது. ஆகவே அக்கூலி ஐந்து தாலர். 2022 மே மாதத்தில் தாலர் 360-ஐத் தொட்டது. அதே ஆயிரம் மூன்று தாலரும் பெறவில்லை. அவர்கள் கிள்ளிய கொழுந்தோ உலகச் சந்தையில் தாலர் விலைக்குப் போகின்றது! உரமின்றி விளைச்சல் குறைந்தது உண்மையே. ஆனால் ஏறிய தாலரின் மிச்சம் கொழுந்து கிள்ளிய கைக்கு வரவில்லை. காலையுணவாகிய கோதுமை மா உரொட்டியும் எட்டாப் பொருளாயிற்று. வடக்கே மண்ணெண்ணெய் இன்றி மீனவர் படகுகள் கரையில் கிடந்தன. தமிழகம் 40,000 டன் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்ப முன்வந்தது. அதற்கும் 2022 ஏப்பிரல் 29-ஆம் நாள் சட்டமன்றத்தில் தீர்மானம் இயற்றித் தில்லியின் இசைவை வேண்டியே அனுப்ப நேர்ந்தது.

ஆதலின் அச்சுப்பொறி எவருடையது என்று கேட்பதோடு, அதனை இயக்குவோரை எவர் கேள்வி கேட்பது என்றும் கேட்கவேண்டும். நம் மேடைகளில் முதற்கேள்வி மிகுதி, இரண்டாவது இல்லை.

இறுதியாக ஒரு சொல். 'அகவிலை' என்பது கூலத்தின் விலையைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். விலை ஏற ஏறச் சம்பளத்தோடு கூட்டித் தரும் தொகைக்கு 'அகவிலைப்படி' என்று பெயரிட்டது மிகப் பொருத்தம். அது முறையாக எவர்க்குக் கிடைக்கின்றது? அரசு அலுவலர்க்கு. கிடைக்கட்டும்; அவர்மேல் நமக்குப் பொறாமையில்லை. குறைந்த அளவுக் கூலி வரையறுக்கப்பட்ட தொழில்களுக்கும் அப்படி ஏட்டில் உண்டு; அவ்வேட்டைத் தறிக்கூடத்திலும் செங்கற்சூளையிலும் எத்தனை பேர் கண்டிருக்கின்றனர்? அந்தக் கூலத்தை விளைத்து, அறுத்து, தூற்றிக் கொடுக்கும் உழவுக் கூலியாளுக்கு அகவிலைப்படி என்றொன்று உண்டென்றே தெரியாது.

அடுத்த திங்கள் நாம் கூடும்போது, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் செலவுக் குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் இன்றிரவே தொடங்குங்கள். அரிசி, எண்ணெய், குடிக்கூலி என்று எழுதி, பக்கத்தில் உங்கள் தெருவில் கூலிவேலை செய்யும் ஒருவரின் நாட்கூலியையும் கேட்டு எழுதி வாருங்கள். தூயதமிழில் எழுதினால் மகிழ்வேன். பிழையோடு எழுதினாலும் கொண்டு வாருங்கள். அவற்றை வைத்துக்கொண்டு மேலும் பேசுவோம்.