மன்னிப்பில் தொடங்கும் மருத்துவம்



ஆபிரிக்க வம்சாவளிப் பெண் எழுத்தாளர்களின் நாவல்களில் நீராட்டு, பறை, வட்ட ஆட்டம், முன்னோரை அழைத்தல் முதலிய சடங்குகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. இவை மண்வாசனைக்காகச் சேர்க்கப்பட்ட அலங்காரங்கள் என்றே நானும் முன்னர் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றிய இரு நாவல்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

முதலாவது, போல் மார்ஷல் 1983இல் வெளியிட்ட 'பிரெய்ஸ்சோங் போர் த விடோ'. கைம்பெண்ணுக்கான போற்றிப் பாடல் என்பது அதன் பொருள். கதைத் தலைவி ஏவி ஜோன்சனுக்கு வயது 64. கணவர் ஓயாது உழைத்துத் தேடிய வீடும் பணமும் அவளுக்கு உண்டு. ஆனால், அந்தத் தேட்டத்தின் இடையே இருவரும் வீட்டில் இசை கேட்டு ஆடிய மாலைகள் மறைந்தன. முன்னோர் வாழ்ந்த தீவுக்குச் சென்றுவந்த பயணங்களும் நின்றுபோயின. உல்லாசக் கப்பலில் செல்லும்போது காரணம் விளங்காத ஒரு வயிற்றுக் கோளாறு அவளை வருத்துகிறது. கிரெனடாவில் இறங்கிவிடுகிறாள். அவளுடைய நோய் வறுமையன்று, மறதி.

முதியவர் ஒருவர் அவளைக் கரியாக்கூ தீவுக்கு அழைத்துச் செல்கிறார். படகில் குடலே வெளிவருவதுபோல் வாந்தி எடுக்கிறாள். மறுநாள் முதியவரின் மகள் அவளை நீராட்டி, உடலைப் பிடித்துவிடுகிறாள். அன்றிரவு பெரும்பறை விழா. முதியோர் முழந்தாளிட்டு, முன்னோரிடம் பிழை பொறுக்கும்படி பாடி வேண்டுவதே அதன் தொடக்கம். பின்னர் ஆபிரிக்க இனங்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய ஆட்டம் நடைபெறுகிறது. தன் இனம் எதுவென ஏவிக்குத் தெரியாது. ஆயினும், எல்லோருக்கும் பொதுவான ஆட்டம் தொடங்கியதும், சிறுவயதில் தென் கரோலினாத் தீவில் பார்த்த அடிவைப்பு அவளுக்குத் தானாகவே வந்துவிடுகிறது. மனம் மறந்ததைக் கால்கள் மறக்கவில்லை!

பெயரைக் கேட்டவர்களிடம் அவள் தன் முழுப் பெயரைச் சொல்கிறாள்: அவதாரா. தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த இடத்தைக் கடந்து செல்ல முடியவில்லை. அவதாரம் என்ற வடசொல்லுக்கு இறங்கி வருதல் என்பது பொருளல்லவா? கப்பலை விட்டு இறங்கியவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

அடுத்தது, டொனி மொறிசனின் 'பிலவட்' (1987). அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த மருமகள் செதேயை, பேபி சக்ஸ் உறுப்பு உறுப்பாகக் கழுவி நீராட்டுகிறாள். காட்டுவெளியில் மக்களைக் கூட்டி, சிரிக்கவும் ஆடவும் அழவும் சொல்கிறாள். வெறுக்கப்பட்ட தம் உடலை நேசிக்கக் கற்பிக்கிறாள். ஆனால், அவள் அளித்த பெருவிருந்து அயலவரிடம் பொறாமையைக் கிளப்புகிறது. அடிமைப் பிடிகாரர் வரும்போது எச்சரிக்க ஒருவரும் ஓடிவரவில்லை. அவர்கள் கையில் அகப்படவிடாமல் செதே தன் குழந்தையைக் கொல்கிறாள். பேபி சக்ஸ் மனமுடைந்து படுக்கையில் விழுந்து மடிகிறாள். அன்பைப் போதித்த அவளாலும் தனித்து நின்று அந்தப் புண்ணை ஆற்ற முடியவில்லை.

பதினெட்டு ஆண்டுகளின் பின், இறந்த குழந்தையின் ஆவி செதேயை விழுங்க முனைகிறது. அவ்வேளை முப்பது பெண்கள் அவ்வீட்டின் முன் கூடிக் குரலெழுப்புகிறார்கள். முன்னர் வராதிருந்த அதே அயல்தான் இப்போது வருகிறது.

இவ்விரு நாவல்களிலும் சடங்கு மந்திரவித்தையன்று. மறந்தவள் முன்னோரிடம் திரும்புகிறாள். கைவிட்டவர்கள் கைவிடப்பட்டவளின் வாசலுக்குத் திரும்புகிறார்கள். புண்பட்டவளை மட்டும் படுக்கையிற் கிடத்தி மருந்து கொடுத்தால் போதாது. அவள் வீழ்ந்தபோது பார்த்திருந்தவர்களும் எழுந்து வரவேண்டும். அதுவரை எந்தப் பறையும் வெறும் ஓசைதான்.