பனிக்காலத்திற்கு முன் பூந்தோட்டம்

(வெம்பக்கோட்டையில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஐப்பசி பிறந்துவிட்டது. கண்மாய்கள் நிறைய வேண்டும், வைப்பாற்றில் நீர் வரவேண்டும், வெம்பக்கோட்டை அணை பெருக வேண்டும் என்று நாம் அனைவரும் வானத்தைப் பார்த்திருக்கிறோம். பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் உளுந்துக்கும் வேண்டியவற்றை முன்கூட்டியே யோசித்துச் செய்கிறோம். ஆனால் கிணற்றடியில் பத்து சென்டு, இருபது சென்டு என்ற அளவில் நிற்கும் பூந்தோட்டத்தைப் பற்றி இம்மாதத்தில் நாம் அதிகம் சிந்திப்பதில்லை. “மழைதான் பெய்கிறதே, செடி தானே பிழைத்துக்கொள்ளும்” என்று விட்டுவிடுகிறோம். அத்தோட்டத்தைப் பனிக்காலத்திற்கு ஆயத்தம் செய்யும் முறையையே இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

குளிர்காலம் எல்லா ஊர்களுக்கும் ஒரே தன்மையுடையதன்று. நீலகிரியில் உறைபனி விழுந்து ஒரே இரவில் இளஞ்செடிகளைக் கருக்கிவிடும். ஆகையால் 1848-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்காவில், மென்மையான மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் தழைகளால் மூடிக் காப்பாற்றுகிறார்கள். நம் கரிசல் பூமியில் பனி உறைவதில்லை. நமக்குக் கேடு விளைவிப்பவை வேறு மூன்று: வேரில் தேங்கும் மழைநீர் ஒன்று, இலையில் தங்கும் ஈரம் மற்றொன்று, பொங்கல் பூவின்மீது நமக்குள்ள ஆசை மூன்றாவது. முதல் இரண்டையும் மண்வெட்டியாலும் மருந்தாலும் தடுக்கலாம். மூன்றாவதை நம் யோசனையால்தான் தடுக்க முடியும்.

முதலாவதாக, நீர் வடிதல். மல்லிகைக்கு உகந்தது நீர் வடியும் செம்மண் கலந்த நிலம். நம் வட்டாரத்திலோ பல இடங்களில் கரிசல்தான். விஜயகரிசல்குளத்தின் பெயரிலேயே கரிசல் இருக்கிறது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இம்மண், மழையில் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு எளிதில் விடுவதில்லை. இரண்டு மூன்று நாட்கள் தூரில் தண்ணீர் நின்றாலே வேர் மூச்சுவிட வழியின்றி அழுகத் தொடங்கும். ஆகவே அடைமழை பிடிப்பதற்கு முன்னரே, செடியின் தூரைச் சுற்றி மண் அணைத்து மேடாக்குங்கள். கோடையில் தண்ணீர் பாய்ச்சிய பாத்தியின் வரப்பைத் தாழ்ந்த பக்கத்தில் வெட்டிவிட்டு, வரிசைக்கு வரிசை வடிகால் எடுங்கள். மண் சேறாக இருக்கும்போது தோட்டத்திற்குள் மிதிக்க வேண்டாம். மிதித்த கரிசல் இறுகிவிடும்.

இவ்விடத்தில் ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் தம் தோட்டத்து நீரை வடித்துவிட்டால் அது அடுத்தவர் தோட்டத்தில் போய் நிற்கும். அதனால் வரும் சண்டைகளை நீங்கள் அறிவீர்கள். ஓடைக்குச் செல்லும் பொது வாய்க்காலில் முள்ளும் மண்ணும் அடைத்திருந்தால், தனியார் எடுக்கும் வடிகால்களால் பயன் இல்லை. அந்த வாய்க்காலை மழைக்கு முன் சுத்தம் செய்து கொடுப்பது ஊராட்சி செய்யக்கூடிய பேருதவியாகும்.

இரண்டாவதாக, இலையில் தங்கும் ஈரம். மழையிலும் பனியிலும் இலை நெடுநேரம் நனைந்திருந்தால் இலைப்புள்ளியும் இலைக்கருகலும் பரவுகின்றன. உதிர்ந்த நோயுள்ள இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். இதற்கு ஒரு சத போர்டோக் கலவையை வீட்டிலேயே தயாரிக்கலாம். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்பது அளவு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. இரும்புப் பாத்திரம் கூடாது. தீட்டிய கத்தியைக் கலவையில் நனைத்துப் பாருங்கள். அதில் செந்நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று பொருள். தயாரித்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

இனி மூன்றாவது விஷயத்திற்கு வருகிறேன். குண்டுமல்லி வெயிலை விரும்பும் செடி. பங்குனி, சித்திரை மாதங்களில் கொட்டிக் கொடுக்கும். மார்கழியில் மொட்டு அரிதாகிவிடும். பூ அரிதாவதால் விலை ஏறுகிறது. கோடையில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஒரு கிலோ, பொங்கலை ஒட்டி மாட்டுத்தாவணியிலும் சங்கரன்கோவிலிலும் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது. அந்த நான்கு மொட்டுக்காகச் செடியை வெட்டாமல் பலர் விட்டுவைக்கிறார்கள். ஏழைக் குடும்பத்திற்கு அந்தப் பணம் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

மல்லிகை புதிய துளிரில்தான் பூக்கும். பழைய கிளைகள் அடர்ந்து கிடந்தால் துளிர் குறையும், காற்றும் வெயிலும் உள்ளே புகா, பூச்சிகளுக்கும் அது புகலிடமாகும். ஆகையால்தான் நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகையின் இரண்டாம் வாரத்தில், குண்டுமல்லியைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு முழ உயரத்தில் கவாத்துச் செய்ய வேண்டும் என்று தோட்டக்கலை அறிஞர்கள் சொல்கிறார்கள். வெட்டிய செடி பனிக்காலத்தில் ஓய்வெடுத்து, வெயில் ஏறும்போது புதுத் துளிருடன் எழும். வெட்டாத செடி சில நாட்கள் சில பிடி பூக்களைக் கொடுத்துவிட்டு, கோடையில் பல மாதங்கள் கொடுக்க வேண்டியதைக் குறைத்துவிடும். பொங்கல் பூ ஒரு வாரத்து வரும்படி. கோடைப் பூவோ பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் கடன் தவணைக்கும் ஆதாரம். ஒன்றுக்காக மற்றொன்றை இழப்பது முதலைத் தின்று வட்டியை எதிர்பார்ப்பது போலாகும்.

“அப்படியானால் மார்கழி வரும்படியே வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும், அதற்கு வழியும் உண்டு. ஒரே இனத்தை நம்பாதீர்கள். பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் கவாத்துச் செய்வது வழக்கம். இம்மூன்றையும் பகுதி பகுதியாக வைத்தால் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வெறுமையாக இராது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள கோ.1 நட்சத்திர மல்லிகை ஆண்டு முழுவதும் பூக்கும் தன்மையது. அதில் இரண்டு வரிசை வரப்போரம் வைத்துப் பாருங்கள். குண்டுமல்லி ஒன்றே உள்ளவர்கள், தோட்டத்தில் கால் பங்கை மட்டும் பொங்கல் வரை விட்டுவைத்து, முக்கால் பங்கைக் கார்த்திகையிலேயே வெட்டலாம். அடுத்த ஆண்டு அந்தக் கால் பங்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

கவாத்து வேலைக்கு ஆள் கிடைப்பதும் இப்பருவத்தில் நமக்கு எளிது. ஆண்டு முழுவதும் விடியற்காலை மொட்டெடுக்க ஆள் தேடும்போது, பட்டாசு ஆலைகளுக்குச் செல்லும் வண்டி நமக்கு முன்னால் வந்து நிற்கிறது. தீபாவளி முடிந்ததும் ஆலைகளில் சில வாரங்கள் வேலை ஓய்ந்திருக்கும். கவாத்துப் பருவமும் அதை ஒட்டியே வருகிறது. அந்நாட்களில் நம் சகோதரிகளுக்குத் தோட்டத்தில் கூலி கிடைத்தால் இரு தரப்பாருக்கும் அனுகூலமாகும். ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும்: பட்டாசுக் கழிவுத் தாள்களை மூடாக்காக ஒருபோதும் போடாதீர்கள். அவற்றில் ஒட்டியுள்ள மருந்து மண்ணுக்கும் ஆகாது, உயிருக்கும் ஆபத்து. சோளத்தட்டையும் இலைச் சருகும் போதும்.

கவாத்துச் செய்தபின் உரமிடாவிட்டால் பாதி வேலையே செய்ததாகும். செடி ஒன்றுக்குத் தொழு உரம் 10 கிலோ வேண்டும். ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நட்டால் பத்து சென்டில் ஏறத்தாழ 256 செடிகள் நிற்கும்; அவற்றிற்கு இரண்டரை டன் எரு தேவை. அது கார்த்திகையில் திடீரென்று கிடைத்துவிடாது. சித்திரையிலிருந்தே குப்பைக் குழியில் சேர்க்க வேண்டும். அத்துடன் செடிக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் வீதம், தூரிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாக இட்டு, இலேசாகக் கொத்தி மூடவேண்டும். இதே அளவை ஆனி, ஆடியில் மற்றொரு முறை இட வேண்டும். மண் பரிசோதனை செய்தவர்கள் அதன் முடிவுப்படி கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். துளிர் மஞ்சளித்தால், கரிசலில் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவே. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கலந்து, மாதம் ஒருமுறை இலையில் தெளித்தால் தெளியும்.

கனகாம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மல்லிகையைவிடக் குளிருக்கு அஞ்சுவது. நீர் தேங்கினாலும் வாடி மடியும். அதன் நாற்றங்காலை மேட்டுப்பாத்தியில் அமையுங்கள். வாடைக்காற்று வரும் பக்கத்தில் அகத்தி வரிசை இருந்தால் நல்லது. இரவில் நான்கு குச்சிகள் நட்டு, பனையோலைக் கீற்றை இலையில் படாதவாறு மேலே பரப்பி, வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். மாலையில் தண்ணீர் விடாதீர்கள். காலையில் விட்டால் இலை பகலிலேயே உலர்ந்துவிடும்.

அன்பர்களே, இவற்றில் எதற்கும் பெரும் முதல் தேவையில்லை. வேண்டுவது காலம் தவறாமை ஒன்றே. இம்மாதம் வடிகால், கார்த்திகையில் கவாத்தும் எருவும், மார்கழியில் பொறுமை. இம்மூன்றையும் கடைப்பிடித்தால் மாசி கடைசியில் துளிர் நுனிகளில் மொட்டுக் கட்டுவதைக் காண்பீர்கள். இவ்வாண்டு ஒவ்வொரு ஊராட்சியிலும் இரண்டு தோட்டக்காரர்களாவது இம்முறையைக் கைக்கொண்டு, வெட்டிய வரிசையிலும் வெட்டாத வரிசையிலும் எடுத்த பூவின் எடையைத் தனித்தனியே குறித்து வையுங்கள். ஆடி மாதத்தில் நாம் மீண்டும் கூடும்போது, நான் பேசுவதைக் காட்டிலும் உங்கள் நோட்டுப் புத்தகம் மற்றவர்களுக்கு நன்றாக எடுத்துச் சொல்லும்.