மாணாக்கர் தலைமையும் மாணாக்கர் நலமும்

(கருவேப்பிலங்குறிச்சியில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்கலைக் கழகத்திற் பயிலும் மாணாக்கரிடையே தோன்றும் தலைமை அவர்தம் உடல்நலத்தையும் மனநலத்தையும் எங்ஙனம் ஆக்கியும் அழித்தும் வருகின்றது என்பது பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். நம் பிள்ளைகள் பலர் விடுதி வாழ்க்கையிற் புகுங் காலமாதலின் இப்பொருள் ஏற்றதேயாம்.

மாணாக்கர் தலைமை என்றவுடன் முதியோர் உள்ளத்தில் 1965ஆம் ஆண்டு எழும். அவ்வாண்டு சனவரி 27ஆம் நாள், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில், அண்ணாமலைப் பல்கலைக் கழக மாணாக்கர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அத்தகைய பெருங்கிளர்ச்சிகள் அரியன. யான் ஈண்டுப் பேசப் புகுவது நாடோறும் நிகழும் தலைமையைக் குறித்தே. விடுதியின் உணவுக் கணக்கைப் பார்ப்பவன், வகுப்பின் பிரதிநிதியாய் நிற்பவன், பந்தாட்டக் குழுவை நடத்துபவன் ஆகிய இவரெல்லாரும் தலைவரே. பதவி ஒன்றும் இன்றி, மூத்தவன் என்னும் அதனாலேயே இளையோரை ஏவுபவனும் தலைவனே. இவனுடைய ஆற்றலே ஏனையோர் ஆற்றலினும் மிகப் பெரிது.

ஏன் எனின் கூறுவேன். ஆசிரியர் புதிய மாணாக்கனை வகுப்பில் ஒரு நாழிகை காண்கின்றார். மூத்த மாணாக்கனோ அவனை இரவும் பகலும் காண்கின்றான். ஊரை விட்டு வந்த பிள்ளை உண்ணாதிருப்பதையும், ஆங்கிலத்தில் நிகழும் பாடம் விளங்காமல் மறுகுவதையும், உறக்கமின்றிப் புரளுவதையும் முதலில் அறிபவன் அவனே. அறிந்தவன் அன்பனாயின் அப்பிள்ளை தேறுவான். அறிந்தவனே அச்சுறுத்துவானாயின் அவன் எங்கே போய் முறையிடுவான்?

நம் ஊரைத் தொட்டுச் செல்லும் வெள்ளாறு சிதம்பரத்தின் வடபால் ஓடிப் பரங்கிப்பேட்டையருகே கடலிற் கலக்கின்றது. அச்சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டு இராசா சர் அண்ணாமலைச் செட்டியாரால் நிறுவப்பெற்ற பல்கலைக் கழகம், மாணாக்கர் தங்கியே பயிலும் முறையில் அமைந்தது. அங்கே மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயின்ற நாவரசு, 1996ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மூத்த மாணாக்கர் ஒருவராற் கொலையுண்டார். நாடே நடுங்கிற்று. அதன் பின்னரே 1997ஆம் ஆண்டில் பகடிவதையைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் நிறைவேறிற்று. குற்றவாளிக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை தண்டமும் அதில் விதிக்கப்பெற்றன. நாவரசு வழக்கோ நீதிமன்றந்தோறும் நடந்து, 2011ஆம் ஆண்டில்தான் உச்சநீதிமன்றத்தில் குற்றம் உறுதியாகி முடிவுற்றது. ஒரு தந்தையும் தாயும் அதற்குள் கழித்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.

இக்கொடுமை பெரும்பாலும் வழிவழியாய் வருவது. சென்ற ஆண்டு தான் பட்டதை இவ்வாண்டு பிறர்க்கு இழைப்பதே முறையென மாணாக்கன் கருதுகின்றான். இதனை அறுக்கவல்லவன் காவலனும் அல்லன், நீதிபதியும் அல்லன். “இஃது என்னோடு நிற்கட்டும்” என்று சொல்லும் ஒரு மூத்த மாணாக்கனே. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைக் கண்டவர் அறிவர்: ஈரம் உலராத மட்கலத்தைக் கடுந்தீயில் இட்டால் அது வெடிக்கும், சூட்டைப் படிப்படியாக ஏற்றினால் உறுதிப்படும். புதிய மாணாக்கன் நிலையும் அத்தகையதே.

இனி, தலைவனாய் நிற்பவனுடைய நலமும் கருதற்பாலது. அவையில் அஞ்சாது பேசவும், கணக்கைத் தவறின்றி வைக்கவும், பிணக்கைத் தீர்க்கவும் அவன் பழகுகின்றான், இவை நன்மை. ஆயினும், பிறர் குறையையெல்லாம் தலைமேற் சுமந்து, வகுப்பிற்குச் செல்லாது, தேர்விற் பின்தங்கி, ஈற்றில் தானே தளர்பவரும் உளர். மாணாக்கர் பேரவைத் தேர்தல்களை ஆராய்ந்த இலிங்டோ குழுவின் விதிகளை 2006ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஏற்றது. வேட்பாளர்க்கு நூற்றுக்கு 75 வருகை வேண்டும். தேறாத பாடம் இருத்தலாகாது. செலவு 5,000 ரூபாயைக் கடத்தலாகாது என்பன அவற்றுட் சில. தலைவனும் முதலில் மாணாக்கனே என்பது இவற்றின் கருத்து. அரசனுக்கே இடித்துரைக்கும் துணை வேண்டுமென்று கருதி, வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். இருபது வயதுத் தலைவனுக்கு அத்துணை வேண்டாவோ?

அன்பர்களே! இனி யான் சொல்வது இம்மேடையில் சிலர்க்குக் கசப்பாகலாம். எனினும் சொல்லாதிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. பிள்ளையை விடுதியில் விட்டுத் திரும்பும்போது, “நம்மவர் யாரென்று பார்த்து அவர்களோடு சேர்ந்துகொள்” என்று சொல்லி வருகின்றோம். அன்பினாற் சொல்கின்றோம், விளைவோ வேறு. அடுத்த அறையில் நள்ளிரவிற் காய்ச்சலால் துடிக்கும் பிள்ளை எக்குலத்தவன் என்று கேட்டு எழுபவன் தலைவனாகான். கட்சி கட்டுபவனே ஆவான். 2023ஆம் ஆண்டு நாங்குநேரியில் பள்ளிப் பிள்ளைகளிடையே நிகழ்ந்த சாதிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, கையிற் கட்டும் நிறக்கயிறுகளைப் பள்ளிகளில் விலக்க வேண்டுமென 2024ஆம் ஆண்டில் அறிக்கையளித்தது. அக்கயிற்றைக் கட்டி அனுப்புவோர் பெற்றோராகிய நாமாயின், பிள்ளைகளை நோவதால் ஆவதென்ன?

ஆதலின் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். பகடிவதையில் ஈடுபடேன் என்று மாணாக்கரும் பெற்றோரும் எழுதித்தரும் உறுதிமொழியைப் பல்கலைக் கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டில் விதித்தது; அதனைப் படித்துப் பிள்ளைக்கு விளக்கிய பின்னரே கைச்சாத்திடுங்கள். வதையை முறையிட 1800-180-5522 என்னும் எண்ணும், மனத்துயர்க்கு 14416 என்னும் எண்ணும் அவன் கைக்குறிப்பில் இருக்கட்டும். இரண்டாவதாக, “வீட்டிற்கு வந்துவிடுகின்றேன்” என்று பிள்ளை அழுது பேசினால், ஊரார் நகைப்பரே என்று கடிந்து வாயடையாமல், பொறுமையாய்க் கேளுங்கள். அன்றே புறப்பட்டுச் சென்று காணுங்கள். மூன்றாவதாக, நம் சங்கத்தின் உதவித்தொகை பெறும் மூத்த மாணாக்கர் ஒவ்வொருவரும், குலம் வினவாது, புதிதாய் வந்த ஒருவர்க்கேனும் அவ்வாண்டு முழுதும் துணையாய் நிற்றல் வேண்டுமென்று சங்கத்தார் விதி செய்தல் வேண்டும். இவ்விதியைச் செயலாளர் அடுத்த கூட்டத்தில் ஆய்வுக்கு வைப்பாராயின், இன்று நாம் இங்குக் கூடியதன் பயனை அடைந்தவராவோம்.