பால், தயிர், நெய் இல்லாமல் சாப்பிட முடியுமா?

(நாராயணவனத்தில் நடந்த நம் சங்க உறுப்பினர்களின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



கல்யாண வெங்கடேஸ்வரர் சன்னிதியில் தரிசனம் ஆயிற்று. வயிறு நிறைய போஜனமும் ஆயிற்று. இந்த நேரத்தில் பால், தயிர், நெய் இல்லாத சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். தலைப்பைச் சொன்னதும் நம் காரியதரிசி, "மாமா, சாப்பாட்டுக்கு அப்புறமே பேசிடுங்கோ. முன்னாடி பேசினா பரிமாறுகிறவா பயந்துடுவா" என்றார்.

நான் இந்த ஊரில் பிறந்தவன். 2022-ல் ஜில்லாவைப் பிரித்தபோது நாராயணவனம் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனாலும் என் வாயில் இன்னும் சித்தூர் ஜில்லா என்றுதான் வருகிறது. பி.எஸ்ஸி. ரசாயனம் படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். வயது எழுபத்தாறு. நான் டாக்டரும் இல்லை, சமையல் நிபுணனும் இல்லை. மூன்று வருஷமாகப் பாலும் பால் சேர்ந்த பதார்த்தங்களும் இல்லாமல் சாப்பிட்டு வருகிறேன். அதில் கற்றதையும், செய்த ஒரு பெரிய தவற்றையும் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் பெங்களூரிலிருந்து வந்த பேத்தியை இந்தக் கோவிலுக்கு அழைத்து வந்தேன். பிரசாதம் கொடுத்தார்கள். புளியோதரையைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டவள், தத்தியோன்னம் வந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கூட வந்த என் மன்னிக்கு மகா கோபம். "பெருமாள் பிரசாதத்தை வேண்டாங்கறாளே, இதென்ன படிப்போ" என்றாள். குழந்தை ஒன்றும் பதில் சொல்லவில்லை. வீடு வரும் வரை வாயே திறக்கவில்லை.

ராத்திரி நான் மெதுவாகக் கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "தாத்தா, உங்காத்துல பசு இருந்ததுன்னு சொல்வேளே. அது காளைக்கன்னு போட்டா என்ன பண்ணுவேள்?"

"உழவுக்குக் குடுத்துடுவோம்."

"இப்போ யார் தாத்தா மாடு கட்டி உழறா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கோப்பு பார்த்துப் பழகிய கை, புள்ளிவிவரத்தைத் தேடினேன். 2019-ல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில், நம் தேசத்தில் பசுவினத்தில் பெண் மாடுகள் சுமார் 14.5 கோடி, ஆண் மாடுகள் சுமார் 4.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிடப் பெண் மாடுகள் 18 சதவீதம் கூடியிருக்கின்றன. ஆண் மாடுகள் 30 சதவீதம் குறைந்திருக்கின்றன. பசு ஈனுவதில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதிதான். மிச்சம் எங்கே போயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் அம்மா, கன்று வயிறு நிறையக் குடித்த பிறகுதான் செம்பை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போவாள். பாக்கெட் பாலில் அந்தக் கன்று கண்ணில் படுவதில்லை.

இந்த ஊர் ஸ்தல புராணத்தை நினைத்துக்கொண்டேன். ஆகாச ராஜாவின் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன், பெருமாள் திருமலையில் புற்றுக்குள் இருந்தார். ஒரு பசு தானாக வந்து அங்கே பாலைச் சொரிந்தது. ஆத்திரப்பட்ட இடையன் கோடாலியை ஓங்கினான். பசுவின் மேல் விழ வேண்டிய அடியைப் பெருமாள் தன் சிரசில் வாங்கிக்கொண்டார். சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு வேறு மாதிரி கேட்டது.

மறுநாளிலிருந்து நானும் நிறுத்திவிட்டேன்.

இதற்கு இங்கிலீஷில் 'வீகன்' என்று பெயர். 1944-ல் பிரிட்டனில் டொனால்ட் வாட்சனும் அவர் நண்பர்களும் உண்டாக்கிய வார்த்தை. மாமிசம், முட்டையோடு பால், தேன் முதலியவற்றையும் விலக்குவது. எண்ணம் நமக்குப் புதிதல்ல. காந்திஜி 1912-ல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோதே பாலை விட்டார். 1918-ல் கேடா ஜில்லாவில் கடுமையாக நோயுற்றார். டாக்டர்கள் பால் குடிக்கச் சொன்னார்கள். விரதம் எடுத்தபோது மனசில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே என்று கஸ்தூரிபா வழிகாட்ட, 1919-ல் ஆட்டுப்பால் குடிக்க ஆரம்பித்தார். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தாவரத்தில் பாலுக்கு மாற்று உண்டா என்று பலரையும் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் நம் அகத்துச் சமையல். மாமிசம் நம்மிடம் முன்பே கிடையாது. ஆகவே புதிதாக ஒரு சமையலைக் கற்க வேண்டியதில்லை. சாம்பார், ரசம், வற்றல் குழம்பு, பொரியல், கூட்டு, துவையல், சுண்டல், இட்லி, அடை, புளியோதரை, எலுமிச்சை சாதம் எல்லாம் அப்படியே இருக்கும். ரசத்துக்கு நெய்யில் தாளிப்பதை எண்ணெயில் தாளிக்க வேண்டும். பருப்பு சாதத்துக்கு நல்லெண்ணெய் விட்டுக்கொண்டால் இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். அவியலில் தயிருக்குப் பதில் மாங்காய் போட்டுத் தேங்காய் எண்ணெய் விடலாம். பருப்புப் பாயசத்துக்கு வெல்லமும் தேங்காய்ப்பாலும் போதும். முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுக்கலாம்.

கஷ்டம் இரண்டே இடத்தில்: காலையில் காபி, கடைசியில் தயிர் சாதம்.

காபிக்கு சோயா பாலை விட்டுப் பார்த்தேன், திரிந்துவிட்டது. டிகாக்‌ஷனில் இருக்கும் அமிலமும் சூடும் சேர்ந்து சோயாவின் புரதத்தைத் திரியச் செய்கின்றன. பாலை வெதுவெதுப்பாக்கி, டிகாக்‌ஷனைச் சற்று ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பெரும்பாலும் திரியாது. ஆனாலும் அது நம் காபி ஆகாது. நான் இப்போது டிகாக்‌ஷனில் வெந்நீரும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிறேன்.

தயிருக்கு நம் ஜில்லாவிலேயே மருந்து இருக்கிறது, வேர்க்கடலை. ஒரு கப் பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறவைத்து, தோலை நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு நைஸாக அரைத்து வடிகட்டுங்கள். அடி பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், பச்சை மிளகாயின் காம்புகள் எட்டுப் பத்தைப் போட்டு மூடி வையுங்கள். காம்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா பாலை உறைய வைக்கும். முதல் தடவை நீர்க்க இருக்கும். அதையே உறை மோராக வைத்துக்கொண்டால் அடுத்த தடவை கெட்டியாக வரும். கடலை வாசனை இருக்கும் என்பதை மறைக்கவில்லை. கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்தால் என் சம்சாரமே, "பரவாயில்லை" என்றாள். ஐம்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அவளிடம் அது முதல் வகுப்பு மார்க்.

வெளியில் சாப்பிடும்போது என்ன செய்வது? ஹோட்டலில் "வீகன் இருக்கா?" என்று கேட்டால் புரியாவிட்டாலும் இருக்கு என்பார்கள். "பால் சேர்த்திருக்கா?" என்றால் இல்லை என்பார்கள், நெய் பால் ஆகாது என்பது அவர்கள் எண்ணம். ஆகவே ஐந்தையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: பால், தயிர், மோர், வெண்ணெய், நெய். இந்தப் பக்கத்து ஹோட்டல்களில் "நெய்யி வத்து, வென்ன வத்து, பெருகு வத்து, நூனெ சாலு" என்றால் போதும்.

எதில் ஒளிந்திருக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வெண்பொங்கலிலும் கேசரியிலும் நெய் உண்டு. ரவா தோசை மாவில் மோர் விடுகிற வழக்கம் உண்டு. பொடி இட்லியை நெய்யில் புரட்டுவார்கள். குருமாவில் கிரீமோ தயிரோ இருக்கலாம். நான் மாவில் தயிரோ பாலோ சேர்ப்பது வழக்கம். அதற்குப் பதில் வெண்ணெய் தடவாத புல்கா கேளுங்கள். சாதா இட்லி, எண்ணெயில் வார்த்த சாதா தோசை, சாம்பார், எலுமிச்சை சாதம் இவை பெரும்பாலும் கைவிடாது. ஃபுல் மீல்ஸ் என்றால் இலையில் உட்கார்ந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். நெய் விட்ட பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை.

கடையில் வாங்கும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் போதாது. பால் சேர்ந்த பண்டத்துக்கும் அதே பச்சைப் புள்ளிதான். 2022-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கென்று தனி விதிகளும், பச்சை நிறத்தில் இலையுடன் கூடிய 'வி' முத்திரையும் கொண்டுவந்தது. முத்திரை இல்லாவிட்டால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ரொட்டியிலும் பிஸ்கெட்டிலும் பால் பவுடர் அடிக்கடி இருக்கும்.

இப்போது என் தவறு. பாலை விட்டுப் பத்து மாதம் ஆனபோது, உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு பஞ்சு மேல் நடப்பது போல ஆயிற்று. வயசு என்று நினைத்து இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் குளியலறை வாசலில் தடுமாறி விழப்பார்த்தேன். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவு.

ரசாயனம் படித்தவன் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பி12-ஐச் செடியும் செய்வதில்லை, மிருகமும் செய்வதில்லை. சில பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன. மாட்டின் வயிற்றில் அவை இருப்பதால் பாலில் வருகிறது. ஒரு டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் இருக்கும். நமக்குத் தினம் 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் தேவை. பால் குடிக்கும் நம்மவர்களிலேயே பலருக்கு இது குறைவுதான். வயதானால் வயிறு உறிஞ்சிக்கொள்வதும் குறையும். சர்க்கரைக்கு நான் பல வருஷமாகச் சாப்பிடும் மெட்ஃபார்மினும் அதைக் குறைக்கும். இருந்த கொஞ்ச வரவையும் நானே நிறுத்திவிட்டேன். கீரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் ரத்தசோகையை வெளியே காட்டாமல் மறைத்துவிடும். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். பழையதிலும் இட்லி மாவிலும் பி12 கிடைக்கும் என்று சொல்வார்கள். அதை நம்பி இருக்காதீர்கள்.

ஊசி போட்டு, பிறகு மாத்திரை. நடை சரியாகிவிட்டது. இடது கால் விரல்களில் மரத்துப்போனது மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. மருந்துக்குச் செய்யும் பி12-ஐயும் பாக்டீரியாவைக் கொண்டுதான் செய்கிறார்கள், மாடு வேண்டியதில்லை. ஜெலட்டின் கேப்ஸ்யூல் மிருகத்தின் தோல், எலும்பிலிருந்து வருவது. ஆகவே மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.

காந்திஜி விஷயத்துக்கு வருகிறேன். இந்த பி12-ஐ முதன்முதலில் பிரித்தெடுத்தது 1948-ல், அவர் மறைந்த அதே வருஷம். அவர் காலத்தில் இப்படி ஒரு மாத்திரையே கிடையாது. நமக்கு மூலை மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதை வாங்காமல் விட்டால் அது விரதம் ஆகாது, அசட்டுத்தனம். அறுபதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

கால்சியம் என்னாகும் என்று கேட்பீர்கள். எலும்பு முறிந்தால் கட்டுக் கட்ட தேசமெல்லாம் வருகிற புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போகும் நிலை வர வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது; அதே அளவு பசும்பாலில் சுமார் 120 தான். எள்ளில் இன்னும் அதிகம். இந்த ஊர்க்காரர்களின் ராகி சங்கடியும் நம் எள்ளுப் பொடியும் இருந்தால் பயமில்லை. புரதத்துக்குப் பருப்பும் சுண்டலும் கடலையும் உண்டு.

எல்லோரும் இப்படி மாற வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. ஹோமத்துக்கு நெய் வேண்டும். எங்கள் அகத்து சிராத்தத்தில் நான் எதையும் மாற்றவில்லை. அதெல்லாம் அவரவர் ஆசாரியர் சொல்படி. என் வேண்டுகோள் சின்னது. நம் வீட்டுக் கல்யாணங்களிலும் சங்க விழாக்களிலும், சமையலின்போதே நெய் சேர்க்காமல் இலையில் தனியாக விடச் சொல்லுங்கள். மோர்க்குழம்போடு ஒரு வற்றல் குழம்பும் இருக்கட்டும். செலவு ஒன்றும் கூடாது.

இளையவர்கள் சிலர் நம் பந்தியில் உட்காரத் தயங்கி, வெளியே போய்ப் பழம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஜீவகாருண்யம் என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அவர்கள் அதை நம்மைவிட ஒரு படி கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. இன்று மத்தியானம் என் பேத்தியும் இங்கே பந்தியில் உட்கார்ந்தாள். நெய் கொண்டுவந்தவரைத் தடுத்து, "அவளுக்கு வேண்டாம், அந்த நல்லெண்ணெயைக் கொண்டுவாங்கோ" என்று சொன்னது என் மன்னி.